வரைபடத்தைப் படமாக்குதல்: கோடு மங்காமல், அளவு பிசகாமல்

ஆட்டோகேடில் நாம் வரையும் பிளானை ஆட்டோகேடிலேயே திறந்து பார்ப்பவர்கள் மிகச் சிலர். வீடு கட்டுகிறவரிடம் அந்த மென்பொருள் இருக்காது. மேஸ்திரியின் கையில் இருப்பது கைபேசி. கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரி, கம்பி கட்டுகிறவர், வயரிங் வேலை பார்க்கிறவர், டைல்ஸ் கடைக்காரர் எல்லோருக்கும் பிளான் போய்ச் சேருவது படமாகத்தான். ஆனால் அந்தப் படத்தைத் தயாரிக்க நாம் ஒதுக்கும் நேரம் மிகச் சொற்பம். நாள்கணக்கில் வரைந்ததைக் கடைசி நிமிடத்தில் திரையோடு பிடித்து அனுப்பிவிடுகிறோம். சுவர் ஒன்பது அங்குலமா, நாலரை அங்குலமா என்று எழுத்து புரியாமல் ஒருவர் வேலையிடத்தில் நின்றால், நம் உழைப்பு முழுவதும் அங்கே வீணாகிறது. படமாக்குவதும் வரைகிற வேலையில் ஒரு பகுதிதான். அந்த அக்கறையோடு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே எடுத்துக்காட்டை வைத்தே பார்ப்போம். 30க்கு 40 அடி மனை. தரைத்தளப் பிளான், 1:50 அளவில், ஏ3 தாளில் அமைந்திருக்கிறது. மனை மட்டும் தாளில் 183 மில்லிமீட்டர் அகலமும் 244 மில்லிமீட்டர் நீளமும் பிடிக்கும். மீதி இடத்தில் கதவு, ஜன்னல் பட்டியலும் தலைப்புக் கட்டமும் இருக்கின்றன. நம் ஊரில் தினமும் கைமாறும் பிளான் இப்படிப்பட்டதுதான்.

கோடு எப்போது காணாமல் போகிறது

டிடபிள்யூஜி கோப்பில் ஒரு கோடு என்பது சில எண்கள்: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு தடிமன், எந்த லேயர். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கணினி அந்த எண்களை வைத்துக் கோட்டைப் புதிதாக வரைந்து காட்டும். அதனால் அது மங்குவதே இல்லை. படக்கோப்பில் கோடு என்று எதுவும் கிடையாது. வரிசை வரிசையாகப் புள்ளிகள், அதாவது பிக்சல்கள், மட்டுமே உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கோடு அந்தப் புள்ளிக் கட்டங்களின் மேல் விழும்போது, தடிமன் ஒரு பிக்சலுக்கும் குறைவாக இருந்தால் சாம்பலாக வெளிறிப்போகும், அல்லது விட்டுவிட்டுத் தெரியும், சில இடங்களில் மறைந்தே போகும்.

கணக்கு எளிது. மில்லிமீட்டரை 25.4 ஆல் வகுத்து டிபிஐயால், அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்ற எண்ணால், பெருக்கினால் பிக்சல் கிடைக்கும். ஆட்டோகேடின் இயல்பான கோட்டுத் தடிமன் 0.25 மி.மீ. 300 டிபிஐயில் அது ஏறத்தாழ 3 பிக்சல், நன்றாகத் தெரியும். அளவுக்கோடுகளுக்கும் ஹேட்சுக்கும் பலர் 0.13 மி.மீ. வைப்பார்கள். 300 டிபிஐயில் அது ஒன்றரை பிக்சல். 150 டிபிஐக்குக் குறைத்தால் முக்கால் பிக்சல்; கோடு வெளிறத் தொடங்கிவிட்டது. 96க்கு இறக்கினால் அரை பிக்சல்தான்.

எழுத்துக்கும் இதே கணக்கு. 2.5 மி.மீ. உயர எழுத்து 300 டிபிஐயில் சுமார் 30 பிக்சல் உயரம் பெறும். 100 டிபிஐயில் 10 பிக்சல். பத்து பிக்சலில் பெரிய எழுத்தைப் படித்துவிடலாம். ஆனால் நாலரையில் உள்ள அந்த ‘அரை’யைச் சின்னப் பின்னமாக எழுதியிருந்தால் அது கரும்புள்ளியாகிவிடும். அடி, அங்குலத்தில் பிளான் போடும் நமக்கு இது பெரிய சிக்கல். முழு எண்கள் தப்பிவிடும், பின்னங்கள்தான் அழியும்.

அதனால் நான் கடைப்பிடிக்கும் விதி இது: வரைபடத்தில் உள்ள மிக மெல்லிய கோட்டுக்கு 2 பிக்சலாவது, மிகச் சிறிய எழுத்துக்கு 20 பிக்சல் உயரமாவது கிடைக்க வேண்டும். மெல்லிய கோடு 0.18, சின்ன எழுத்து 1.8 மி.மீ. என்றால் இரண்டு கணக்கும் 282 டிபிஐயில் வந்து நிற்கும், 300 போதும். 0.13 கோடு இருந்தால் 400 வையுங்கள். டிபிஐயை முதலில் முடிவு செய்துவிட்டு வரைபடத்தை அதற்குள் அடைப்பது தலைகீழான வேலை. மெல்லிய கோடு எது என்று பார்த்துவிட்டு டிபிஐக்கு வாருங்கள்.

300 டிபிஐயில் தாள்களின் பிக்சல் அளவை எழுதி மேசையருகே ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ஏ4: 2480 × 3508. ஏ3: 3508 × 4961. ஏ2: 4961 × 7016. ஏ1: 7016 × 9933. ஏ0: 9933 × 14043.

‘300 டிபிஐயில் ஒரு படம் அனுப்புங்கள்’ என்று கேட்பவர்களிடம், எந்தத் தாளுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். படக்கோப்புக்குள் எழுதியிருக்கும் டிபிஐ வெறும் முத்திரை. 800 பிக்சல் அகலப் படத்துக்கும் 300 டிபிஐ என்று முத்திரை குத்தலாம். அச்சிட்டால் 68 மி.மீ. அகலத்துக்கு மேல் அது தாங்காது. உண்மையான சரக்கு பிக்சல் எண்ணிக்கை மட்டுமே.

இப்போது ஸ்கிரீன்ஷாட்டின் குறை தெளிவாகத் தெரியும். சாதாரணத் திரை 1920 பிக்சல் அகலம். 420 மி.மீ. அகல ஏ3 பிளானை அதன் அகலம் நிரம்பக் காட்டினால் கிடைப்பது சுமார் 116 டிபிஐ. சுற்றியுள்ள பட்டன்களும் பட்டைகளும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஏ1 தாள் என்றால் 58 டிபிஐ, 2.5 மி.மீ. எழுத்து 6 பிக்சலுக்குள் நசுங்கிவிடும். ஜேபிஜி-அவுட், பிஎன்ஜி-அவுட் என்ற கட்டளைகளும் திரையில் தெரிவதைத் திரையின் நுணுக்கத்தில்தான் எழுதித் தருகின்றன. ஒரு மூலையைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்க அவை போதும். முழுப் பிளானுக்கு வேண்டாம்.

எந்த வடிவம்

கோட்டு வரைபடத்துக்குப் பிஎன்ஜி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஜேபெக் 1992இல் தரப்படுத்தப்பட்டது; ஒளிப்படங்களுக்காகவே உருவானது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துக் கோப்பைச் சுருக்குகிறது. முகத்திலும் வானத்திலும் நிறம் மெல்ல மாறுவதால் கழித்தது தெரியாது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்பது திடீரென்று மாறும் எல்லை. அங்கே கழித்தால் கோட்டைச் சுற்றிப் புகைபோல அழுக்குப் படியும். பெரும்பாலும் நிறத் தகவலையும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது. பிளம்பிங் வரைபடத்தின் சிவப்பு, நீலக் கோடுகள் கறுப்பைவிடக் கூடுதலாகக் கலங்குவது அதனால்தான். ஒருமுறை சேமித்ததைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகவே சேமித்தால் அழுக்கு இன்னும் கூடும்.

பிஎன்ஜி எதையும் கழிப்பதில்லை. ஒரே நிறம் நீளமாகத் தொடரும் இடங்களை மிக நன்றாகச் சுருக்கும். பிளானில் பெரும்பகுதி வெள்ளைதானே! அதனால் வரைபடத்தைப் பொறுத்தவரை பிஎன்ஜி கோப்பு, தரமான ஜேபெக்கைவிடச் சிறியதாகவே பல நேரம் அமைகிறது. ‘ஜேபெக் என்றால் சின்னக் கோப்பு’ என்ற பழக்கமான நம்பிக்கை இங்கே செல்லாது.

ஜேபெக்குக்கு உரிய இடம் முப்பரிமாண ரெண்டரிங். வெயில், நிழல், மரம், கார் எல்லாம் போட்ட முகப்புப் படத்தை ஜேபெக்காக அனுப்புங்கள். பிஎன்ஜியில் அது வீணாகப் பெருக்கும். ஜேபெக்கை மட்டுமே ஏற்கும் விண்ணப்பத் தளம் என்றால் பிக்சலைக் குறைக்காமல், தரத்தை 90க்கு மேல் வைத்துச் சேமியுங்கள். கோப்பு அளவு அப்போதும் வரம்பை மீறினால் வண்ணத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் படமாக்குங்கள். பிக்சலில் கைவைப்பது கடைசி வழி.

டிஃப் வடிவம் 1986இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பெரிய தாள்களைக் கறுப்பு வெள்ளையில் காப்பகத்துக்குச் சேமிக்கவும், பெரிய பிரிண்டர் வைத்திருக்கும் கடைகளுக்குக் கொடுக்கவும் இன்றும் நல்லது. ஏ0 தாள் 300 டிபிஐயில் கிட்டத்தட்ட 14 கோடி பிக்சல். முழு வண்ணத்தில் திறந்தால் நினைவகத்தில் சுமார் 418 மெகாபைட் பிடிக்கும். பழைய கணினி திணறும். பிக்சலுக்கு ஒரே பிட் என்று கறுப்பு வெள்ளையில் வைத்தால் அது 17 மெகாபைட்டாகச் சுருங்கும். குரூப் 4 என்ற சுருக்க முறையோடு டிஃப் ஆகச் சேமித்தால் கோப்பு இன்னும் மிகச் சிறிதாகும், ஒரு புள்ளிகூட இழக்காமல். ஆனால் ஒரே பிட்டில் சாம்பல் நிறம் கிடையாது. ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும் என்பதால் 400 அல்லது 600 டிபிஐயில் எடுங்கள்.

பிஎம்பி, ஜிஃப் இரண்டையும் மறந்துவிடலாம். எஸ்விஜி வடிவம் கோட்டைக் கோடாகவே வைத்திருக்கும். இணையதளத்திலோ புத்தகப் பக்கத்திலோ வரைபடத்தைச் சேர்ப்பவருக்கு அது மிக நல்ல தேர்வு. கைபேசியில் பார்ப்பவருக்கு அது திறக்காமல் போகலாம்.

படமாக்கும் முன் வரைபடத்தைத் தயார் செய்தல்

கெட்ட படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மாற்றும் கருவி அல்ல, தயாராகாத வரைபடம். இந்தப் பகுதியில் செலவிடும் நேரம் பின்னால் பல மடங்காகத் திரும்பி வரும்.

முதலில் நிறம். நாம் வரைவது கரும்பின்னணியில். மஞ்சள், சயான், இளம்பச்சைக் கோடுகள் அங்கே பளிச்சென்று இருக்கும். வெள்ளைத் தாளில் விழுந்ததும் கண்ணுக்கே தெரியாது. பிளாட் கட்டளைப் பெட்டியில் பிளாட் ஸ்டைல் என்ற இடத்தில் மோனோகுரோம் சிடிபியைத் தேர்ந்தெடுங்கள். எல்லா நிறமும் கறுப்பாக இறங்கும். குடிநீர், கழிவுநீர், மின்சாரம் என்று நிறம் பொருள் தரும் வரைபடமாக இருந்தால் மோனோகுரோம் உதவாது. அப்போது வண்ண சிடிபியின் நகல் ஒன்றை எடுத்து, அதில் மஞ்சளையும் சயானையும் மட்டும் அடர்ந்த நிறமாக மாற்றி, அதை அலுவலகம் முழுவதற்கும் பொதுவாக்கிக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணியோடு படம் அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. அதை யாராவது பிரிண்ட் போட்டால் மை முழுவதும் பின்னணிக்கே போகும். கொளுத்தும் வெயிலில் கைபேசித் திரையில் பார்த்தால் ஒன்றும் புரியாது.

அடுத்து தடிமன். எல்லாக் கோடும் 0.25இல் இருந்தால் படம் தட்டையாக இருக்கும். சுவர் எது, அளவுக்கோடு எது என்று கண் தேட வேண்டும். வெட்டுப்படும் சுவருக்கு 0.5, கதவு, ஜன்னல், படிக்கட்டுக்கு 0.25, அளவுக்கும் ஹேட்சுக்கும் 0.18 என்று பிரித்தாலே பிளான் உயிர் பெறும். திரையில் தடிமன் காட்டும் பட்டன் அணைந்திருந்தாலும் பிளாட்டில் தடிமன் வரும். எனவே திரையை நம்பாமல் பிரிவியூ பாருங்கள். 0.00 என்று வைத்த கோடு, கருவி தரக்கூடிய மிக மெல்லிய கோடாக, அதாவது ஒரே பிக்சலாக இறங்கும். நுணுக்கம் கூடக்கூட அது இன்னும் மெலிந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட லேயர்களைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, காணாமல் போகும் பொருள்கள். எக்ஸ்ரெஃப் ஆக இணைத்த கோப்பு அருகில் இல்லையென்றால் தூண் அமைப்பே படத்தில் வராது. டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் வரைந்தது திரையில் தெரியும், பிளாட்டில் வராது. அவசரத்தில் அந்த லேயரில் அளவுகளைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. வைப்அவுட் சட்டங்கள் தேவையில்லாத பெட்டிகளாக இறங்கும். வைப்அவுட்ஃபிரேம் மதிப்பை 2 ஆக்கினால் திரையில் தெரியும், அச்சில் வராது. வரைபடத்துக்கு வெகுதூரத்தில் கவனிக்காமல் விட்ட ஒரு புள்ளி இருந்தால், எக்ஸ்டென்ட்ஸ் என்று கொடுத்துப் பிளாட் எடுக்கும்போது வீடு முழுவதும் ஒரு கடுகளவாகச் சுருங்கிவிடும். மாடல் பக்கத்திலிருந்து எடுக்காமல் லேயவுட்டிலிருந்தே எடுப்பது இதற்கு நிலையான தீர்வு.

தமிழ் எழுத்து

கட்டட வேலையாட்களுக்குப் போகும் பிளானில் அறைகளின் பெயரைத் தமிழில் எழுதுவது நல்ல பழக்கம். அதை நான் எல்லோருக்கும் வலியுறுத்துவேன். ஆனால் படமாக்கும்போது அதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் இல்லை; விண்டோஸ் எழுத்துருக்களைத்தான் பயன்படுத்த வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிளானை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், சமையலறை என்ற இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் நிற்கும். படமாக்குகிறவர் அதைக் கவனிக்காமல் விட்டால் அந்தக் குவியலே படமாகிவிடும். வாங்குகிறவர் தன் கைபேசியில் எழுத்துருவை ஏற்றிச் சரிசெய்யவும் முடியாது. யூனிகோடில், லதா, நிர்மலா போன்ற எழுத்துருவில் எழுதினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். அப்போதும் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரிவியூவில் பாருங்கள். எந்தக் கணினியில் பிளான் வரையப்பட்டதோ அதிலேயே படமாக்குவதுதான் பாதுகாப்பான வழி.

மாற்றும் வழி

நேராகப் படமாக்காமல், முதலில் பிடிஎஃப், பிறகு பிஎன்ஜி என்று இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். பிடிஎஃபில் கோடு கோடாகவே இருக்கும், எழுத்துருவும் உள்ளேயே பதிந்துவிடும். பிழை இருந்தால் இந்த இடத்திலேயே பிடிபடும். கைபேசிக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று வேறு வேறு பிக்சல் அளவில் எத்தனை படம் வேண்டுமானாலும் அந்த ஒரே பிடிஎஃபிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

லேயவுட்டைத் திறந்து பிளாட் கட்டளை கொடுங்கள். பிரிண்டர் இடத்தில் ‘டிடபிள்யூஜி டு பிடிஎஃப்’. தாள் ஏ3, அதிலும் ஃபுல் பிளீட் என்று குறித்த வகையை எடுத்தால் ஓரம் வெட்டுப்படாது. எதைப் பிளாட் செய்ய என்பதற்கு லேயவுட். அளவு 1:1, ஏனென்றால் 1:50 என்பதை வியூபோர்ட் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. பிளாட் ஸ்டைலோடு பிளாட் செய் என்ற குறி விழுந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் சிடிபி தேர்வு பயனற்றது. பிரிவியூ, பிறகு சரி. இந்த அமைப்பைப் பேஜ் செட்டப் ஆகப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால் மறுமுறை எதையும் தேட வேண்டாம். பல தாள்கள் இருந்தால் பப்ளிஷ் கட்டளை எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃபாகக் கட்டித் தரும்.

பிடிஎஃபைப் படமாக்க இலவசக் கருவிகளே போதும். கிம்பில் திறந்தால் எத்தனை டிபிஐயில் ஏற்றுவது என்று அதுவே கேட்கும். 300 என்று கொடுத்து, பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். நிறையத் தாள்கள் இருந்தால் பாப்ளர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்-டு-பிபிஎம் என்ற கட்டளைவரிக் கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். டிபிஐயையும் பிஎன்ஜி என்பதையும் சொல்லிவிட்டால் எல்லாப் பக்கங்களையும் எண்ணிட்டுத் தனித்தனிப் படமாக வைத்துவிடும். இங்க்ஸ்கேப்பும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அது ஏற்றுமதி செய்யும் பிஎன்ஜியில் பின்னணி இயல்பாக வெள்ளையாக இருக்காது, ஒளி ஊடுருவும். இருண்ட தோற்றத்தில் வைத்த கைபேசியில் அதைத் திறந்தால் கறுப்பின் மேல் கறுப்புக் கோடு, ஒன்றுமே தெரியாது. பின்னணியை வெள்ளையாக்கிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

ஆட்டோகேடிலிருந்தே நேராக எடுக்க வேண்டுமானால் பிரிண்டர் பட்டியலில் ‘பப்ளிஷ் டு வெப் பிஎன்ஜி’ இருக்கிறது. அதில் தாள் அளவு பிக்சலில்தான் வரும். உள்ளே இருக்கும் அளவுகள் பழைய திரைகளுக்கானவை, நமக்குப் போதாது. ப்ராப்பர்ட்டீஸ் உள்ளே சென்று, கஸ்டம் பேப்பர் சைஸில் 4961 × 3508 என்று புதிதாகச் சேர்க்க வேண்டும். டிஃப் தேவைப்படுகிறவர்கள் புதிய பிளாட்டர் சேர்க்கும் பகுதியில் ராஸ்டர் ஃபைல் ஃபார்மட்ஸ் என்பதைத் தேடலாம்.

ஆட்டோகேட் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தரும் டிடபிள்யூஜி ட்ரூவியூ விண்டோஸில் இயங்கும். டிடபிள்யூஜியைத் திறந்து, இதே பிளாட் பெட்டியில் பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம், கோப்பைப் பழைய பதிப்புக்கும் மாற்றலாம். லினக்ஸ், மேக் பயன்படுத்துகிறவர்கள் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டரைக் கொண்டு டிஎக்ஸ்எஃப் ஆக்கி, லிப்ரேகேடில் திறந்து, படமாக ஏற்றுமதி செய்யலாம். அந்த ஏற்றுமதிப் பெட்டியிலேயே வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோடு என்பதற்கு இடம் இருக்கிறது.

கோப்பு திறக்கவே மறுத்தால் அதன் பதிப்பைப் பாருங்கள். நோட்பேடில் டிடபிள்யூஜி கோப்பைத் திறந்தால் முதல் ஆறு குறிகள் மட்டும் படிக்கும்படி இருக்கும். மற்றதெல்லாம் குழம்பிக் கிடக்கும். ஏசி1015 என்றால் 2000ஆம் ஆண்டு வடிவம், ஏசி1018 என்றால் 2004, ஏசி1021 என்றால் 2007, ஏசி1024 என்றால் 2010, ஏசி1027 என்றால் 2013, ஏசி1032 என்றால் 2018. உங்கள் மென்பொருள் அதைவிடப் பழையதானால் அனுப்பியவரிடம் பழைய வடிவத்தில் சேமித்துத் தரச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். நோட்பேடில் சேமித்தால் கோப்பு கெட்டுவிடும்.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் படமாக்கித் தரும் தளங்கள் பல உண்டு. வாடிக்கையாளரின் வீட்டுப் பிளானை அவற்றில் ஏற்றாதீர்கள். எந்த வாசல் எங்கே, அலமாரி எங்கே, பின்கட்டு வழி எது என்று ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு முழுவதும் அந்தத் தாளில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு சர்வரில் அதை விட்டுவர நமக்கு உரிமை இல்லை. அந்தத் தளங்களில் எழுத்துருவும் எக்ஸ்ரெஃபும் விடுபட்டுப்போவது தனிக் குறை.

அளவு பிசகாமல் இருக்க

படமான பிறகு 1:50 என்ற எழுத்தை யாரும் நம்பக் கூடாது. ஏ3 படத்தை ஒருவர் ஏ4 தாளில் பிரிண்ட் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளே வீட்டுப் பிரிண்டரில் இருப்பதால் பெரும்பாலும் அதுதான் நடக்கும். நீளமும் அகலமும் 0.707 மடங்காகச் சுருங்கும். 1:50 உண்மையில் 1:71 ஆகிவிட்டது, ஆனால் தலைப்புக் கட்டத்தில் 1:50 என்றே இருக்கிறது. 10 அடி அறை ஏ3இல் 61 மி.மீ.; ஏ4இல் 43 மி.மீ. ஸ்கேல் வைத்துப் பார்க்கிறவருக்கு அது 7 அடி அறையாகத் தெரியும்.

இதற்கு ஒரே நேர்மையான தீர்வு, தாளிலேயே ஓர் அளவுப் பட்டை வரைவது. 1:50இல் 5 மீட்டர் என்பது 100 மி.மீ. நீளப் பட்டை. அடியில் வேலை செய்பவர்கள் 5 அடி, 10 அடி என்று பிரித்துப் போடலாம். படம் எவ்வளவு சுருங்கினாலும் பட்டையும் அதே விகிதத்தில் சுருங்கும். பட்டையின் 10 அடி எப்போதும் 10 அடியாகவே இருக்கும். தலைப்புக் கட்டத்தில் ‘1:50, ஏ3 தாளில்’ என்று தாளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ‘தாளை அளந்து வேலை செய்ய வேண்டாம், எழுதிய அளவையே எடுத்துக்கொள்ளவும்’ என்ற குறிப்பும் அங்கே இருக்கட்டும். அதைத் தமிழில் எழுதுங்கள். படிக்க வேண்டியவர் தமிழில்தான் படிக்கிறார்.

எழுதிய அளவையே எடுக்கச் சொல்கிறோம் என்றால் அந்த அளவு முழுவதும் படத்தில் இருக்க வேண்டும் என்பது நம் பொறுப்பு. ஆட்டோகேடில் ஒரு கோட்டைத் தொட்டால் நீளம் தெரியும் என்ற நினைப்பில் பல அளவுகளை நாம் எழுதாமல் விடுகிறோம். படத்தில் தொட்டால் ஒன்றும் வராது. கதவிலிருந்து சுவர் மூலை வரை, படிக்கட்டின் மிதியும் ஏற்றமும், ஜன்னலின் அடிமட்ட உயரம் எல்லாம் எழுதியிருக்கின்றனவா என்று படமாக்கும் முன் ஒருமுறை, வேலையிடத்தில் நிற்பவரின் இடத்திலிருந்து பிளானைப் படியுங்கள்.

அனுப்பும் முன்பும் பின்பும்

படத்தை முழு அளவில், அதாவது 100 சதவீதத்தில் திறந்து, மிகச் சின்ன எழுத்தையும் மிக மெல்லிய கோட்டையும் தேடிப் பாருங்கள். பின்னங்கள் படிக்க முடிகிறதா? வடக்கு அம்பு இருக்கிறதா? தலைப்புக் கட்டத்தின் ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா? பிறகு அதே படத்தை உங்கள் கைபேசியில் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். முடிந்தால் வெயிலில் நின்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் படத்தைக் கேலரியிலிருந்து அனுப்பினால் அது பிக்சலைக் குறைத்து ஜேபெக்காகச் சுருக்கிவிடும். உங்கள் 4961 பிக்சல் நீளம் 1600 ஆகச் சுருங்குகிறது என்று கொண்டால், 2.5 மி.மீ. எழுத்து 30 பிக்சலிலிருந்து 10க்குள் இறங்கிவிடும். இவ்வளவு நேரம் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு தட்டலில் போய்விடும். டாக்குமென்ட் என்ற வழியாக அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும். பெறுகிறவர் அதை இன்னொருவருக்கு அனுப்பும்போதும் அப்படியே அனுப்பச் சொல்லிக் கொடுங்கள். படத்தோடு பிடிஎஃபையும் சேர்த்தே அனுப்புவது என் வழக்கம். கைபேசியில் சட்டென்று பார்க்கப் படம், பிரிண்ட் கடைக்குக் கொடுக்கப் பிடிஎஃப்.

பெயரிலும் கவனம் வேண்டும். ‘பிளான் ஃபைனல்’, ‘பிளான் ஃபைனல் புதுசு’ என்ற பெயர்கள் எந்தப் பிளான் எது என்பதைச் சொல்வதில்லை. வேலையின் பெயர், தளம், தாள் எண், திருத்த எண், தேதி என்ற வரிசையில் வையுங்கள். திருத்த எண்ணும் தேதியும் கோப்பின் பெயரில் மட்டும் இருந்தால் போதாது, படத்தின் உள்ளேயும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் சேமித்ததும் பெயர் மாறிவிடக்கூடும். பிளான் திருத்தப்பட்டால் புதிய படத்தை மட்டும் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். பழைய படத்தின் குறுக்கே ‘ரத்து’ என்று சிவப்பில் எழுதி, அதையும் அதே குழுவில் போடுங்கள். எந்தச் சுவர் நகர்ந்தது, எந்தக் கதவு மாறியது என்று புதிய படத்தில் மேகக் கோடு போட்டுச் சுற்றிக் காட்டுங்கள். பிறகு மேஸ்திரியைக் கைபேசியில் கூப்பிட்டு, அவர் திறந்து வைத்திருக்கும் படத்தில் திருத்த எண் என்ன என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.